கருப்புக் கட்டை மட்டும்

அடியே,

இன்று மதியம் மியூசிக் ரூமில் கீபோர்டின் உறையைக் கழற்றினேன். கருப்புக் கட்டைகள் மட்டும் விரல் பட்டுப் பட்டு மினுங்குகின்றன. எல்லாம் உன் வேலை.

முகப்பேரில் இந்தப் பள்ளியில் நான் வாய்ப்பாட்டு டீச்சர், நீ கீபோர்டு டீச்சர். பட்டாபிராமிலிருந்து ரயிலும் ஷேர் ஆட்டோவுமாக வியர்த்து வழிந்து வந்து சேர்வாய். வந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், "வெள்ளையத் தொடாதீங்க. கருப்புல இன்னா வேணா வாசிங்க கண்ணுங்களா, தப்பே வராது" என்பாய். ஐந்து கருப்புக் கட்டை, மோகனத்தின் ஐந்து சுரம். "கேள்வி கேக்கற மாரி ஒரு வரி, பதில் சொல்ற மாரி ஒரு வரி. அவ்ளோதான் பாட்டு." வாயே திறக்காத ஹரிணிகூட அப்படி ஒரு மெட்டுப் போட்டாள். நீ ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் கேட்க வைத்தாய். ஆண்டு விழாவில் அதையே வாசிக்க வைப்பேன் என்று அவளுக்கு வாக்கும் கொடுத்துவிட்டாய்.

அப்புறம்தான் அவளுடைய அப்பா வந்தார். கழுத்தில் ஐ.டி. கம்பெனி அட்டை. "முழு கீபோர்டு வாங்கி வெச்சிருக்கோம் மேடம். பொண்ணு அஞ்சு கட்டையத்தான் தொடறா. மிச்சமெல்லாம் சும்மா கெடக்கு." நான் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டேன். பிரின்சிபால் சிரிக்கவில்லை.

விழாவுக்குச் சினிமாப் பாட்டு போதும் என்று உத்தரவு வந்தது. "அந்தக் கொயந்தைக்கு நான் இன்னா பதில் சொல்றது?" என்று நீ போய்க் கேட்டாய். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள். அடுத்த மழையில் காய்ச்சல் என்று படுத்தவள் எழவேயில்லை. உன் இரங்கல் கூட்டத்தில் அதே பிரின்சிபால் மைக்கைப் பிடித்து, "குழந்தைகளின் கற்பனைக்கு வழிவிட்டவர்" என்றார். கண்ணைத் துடைக்கக் கைக்குட்டை வேறு. என்ன நெஞ்சழுத்தம்! எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் மேலும்தான் கோபம். சண்டையைப் பாதியில் போட்டுவிட்டுப் போக அப்படி என்னடி அவசரம் உனக்கு?

கீபோர்டு திறந்திருப்பதைப் பார்த்து இன்று ஹரிணி உள்ளே வந்தாள். இப்போது ஏழாவது. பத்து விரலாலும் சினிமாப் பாட்டாக வாசித்துத் தள்ளுகிறாள். "உன் மெட்டை வாசிம்மா" என்றேன். திருதிருவென்று விழித்தாள். எதையும் எழுதி வைக்க நீ விட்டதில்லையே. "எய்தினா அதுவும் பரீட்சையாய்டும்" என்பாய்.

நானே பாடிக் காட்டினேன். கேள்வி வரி, பதில் வரி, கடைசியில் அவள் வந்து நிறுத்திய இடம் வரைக்கும். கண் இமைக்காமல் கேட்டாள்.

"நல்லாருக்கு மிஸ். யாரு போட்டது?"

"நீதான்டி."

"போங்க மிஸ், சும்மா" என்று சிரித்துக்கொண்டே ஸ்கூல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். இப்போது அந்தப் பாட்டு என் ஒருத்தி தொண்டையில்தான் இருக்கிறது.