டீசல் கட்சியும் டர்போ கட்சியும்

இன்று காலை மான்மவுத் ஜங்ஷன் ஊரில் என் வீட்டு வாசலில் சூடேறிய எஞ்சின் வாசனை. கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். லாரி போல ஒரு பிக்கப், அதன் பின்னால், படுக்கையும் அடுப்புமாகச் சின்ன வீடு போல நீ வாங்கிய கேம்பர் ட்ரெய்லர். ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கியவள் உன் மனைவி மாலதி. ஃப்ரீவே என்றாலே கண்ணை மூடிக்கொள்பவள், டெக்சஸிலிருந்து தனியாக ஓட்டி வந்திருக்கிறாள்!

ரிட்டயர் ஆனதும் ஊர் சுற்றக் கேம்பர் வாங்கிவிட்டாய். அதை இழுக்கும் வண்டிக்கு எந்த எஞ்சின் என்பதில்தான் நம் சண்டை. பாரம் இழுப்பதற்கென்றே பிறந்தது டீசல் என்பேன். நீ டர்போ வைத்த பெட்ரோல் எஞ்சின் பக்கம்.

"மச்சி, மலை மேல காத்து கம்மி. சாதா பெட்ரோல் எஞ்சின் திணறும். டர்போ காத்தை அமுக்கி உள்ள தள்ளும்டா."

"இவ்ளோ வெயிட்டுக்கு அது எத்தனை நாள் தாங்கும்?" விடமாட்டேன் நான்.

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை, "டெஸ்ட் டிரைவ் பண்ணிட்டு கூப்பிடறேன். நீ ஒத்துக்கத்தான் போற" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தாய். மதியம் உன் எண்ணிலிருந்து அழைப்பு. "என்னடா, டீசலே வாங்கிட்டியா?" என்றேன்.

மறுமுனையில் மாலதி. "அண்ணா, அவர் போய்ட்டார்."

ஓட்டி முடித்து, ஷோரூம் வாசலில் இறங்கி, சாவியை நீட்டும்போதே சரிந்துவிட்டாயாம்.  போனும் கையுமாகச் சமையலறையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று இன்றும் தெரியாது.

இன்று காபியைக் கொடுத்துவிட்டு, "ஏம்மா, இந்த டர்போ வண்டியவா வாங்கின?" என்று மாலதியிடம் கேட்டேன்.

"அன்னிக்கு நானும் பக்கத்துல உக்காந்திருந்தேன் அண்ணா. மேட்டுல ஏறும்போது 'பாத்தியா, பாத்தியா'ன்னு கத்தினார். அப்படி ஒரு சந்தோஷம். வேற எத வாங்கறது? ட்ரெய்லரோட ரிவர்ஸ் எடுக்க கத்துக்கறதுக்குள்ளதான் அழுதுட்டேன்."

நாளை வடக்கே மெய்ன் மாநிலம் வரை போகிறாளாம். நீ திட்டமிட்டிருந்த அதே வழி.

அவள் அயர்ந்து உறங்கியதும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இன்னும் நம்பமுடியவில்லை. வண்டி வந்திருக்கிறது, நீ வரவில்லை. டீசலுக்காக நான் சேர்த்துவைத்த நியாயங்கள் அத்தனையும் என்னிடம் அப்படியே இருக்கின்றன, மச்சி. மறுத்துப் பேசத்தான் ஆளில்லை.