முருகேசன் + 3

இல்லை, இன்னும் யாரையும் போடவில்லை. உன் நாற்காலியைச் சுவரோரமாகத் தள்ளி, அதன்மேல் கார்பன் தாள் பெட்டிகளை அடுக்கியிருக்கிறார்கள். இன்று காலை ஒன்றைப் பிரித்தேன். அதே வாசனை. மண்ணெண்ணெயும் மெழுகும் கலந்தது போல. நீ விரல் நுனியை முகர்ந்துவிட்டு, "இதுதான்டி நம்ம சென்ட்டு" என்பாய்.

அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்கும் கோப்பு அதிகாரியின் மேசைக்குப் போகிறது. நீ இருந்திருந்தால் உன்னுடையதும் போயிருக்கும். வரிசை வேகமாக நகர வேண்டும், கவுண்டரை நடுவில் சாத்தக்கூடாது. அவர் கேட்பது இவ்வளவுதான்.

ஃபீனிக்ஸ் பே கப்பல்துறையில் நமக்கு இரண்டு ஜன்னல்கள். தீவுக் கப்பல்களுக்குச் சீட்டுக் கொடுத்து, ஏறுகிறவர்களின் பட்டியலை மூன்று பிரதி எழுத வேண்டும். ஒரே நாளில் சேர்ந்தோம். நான் முதல் வாரமே வேகமாக எழுதப் பழகிவிட்டேன். ஒருவர் பெயர், ஒரு கூட்டல் குறி, ஓர் எண். எல்லோரும் அப்படித்தான் எழுதினார்கள். நீ மட்டும் மாமியார் பெயர் கேட்டாய், மடியில் தூங்கும் குழந்தையின் பெயர் கேட்டாய். உன் வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நிற்கும்.

லாங் ஐலண்டுக்குப் போன அந்த வங்காளிப் பெண் ஞாபகம் இருக்கிறதா? கையில் இருபது நாள் குழந்தை. இன்னும் பெயர் வைக்கவில்லை என்றாள். நீ விடவில்லை. "கர் மே க்யா புலாத்தே ஹோ?" வீட்டில் என்ன சொல்லிக் கூப்பிடுகிறீர்கள்? அவள் வெட்கப்பட்டு, "முன்னி" என்றாள். பின்னாலிருந்து ஒருவர் கத்தினார்: "பேரு வைக்கிற விசேஷத்தையும் இங்கேயே நடத்திடுங்க மேடம்!"

"நடத்திடலாம் அண்ணா. மிட்டாய் நீங்க கொண்டாங்க."

வரிசை முழுவதும் சிரித்தது. நீ எழுதினாய்: முன்னி, வயது இருபது நாள்.

அதிகாரி சிரிக்கவில்லை. "ஏம்மா, இது டிக்கெட் கவுண்டரா, ரேஷன் கார்டு ஆபீஸா?"

"ரெண்டு நிமிஷம் சார்" என்றாய், தலை நிமிராமல்.

என்னையும் நீ சும்மா விட்டதில்லை. "புத்தகத்துல வர்ற ஆளுங்க பேரெல்லாம் தலைகீழா சொல்ற. எதிர்ல நிக்கிறவங்க பேரக் கேக்க மட்டும் உனக்கு வாய் வலிக்குது." உண்மைதான். எனக்கு ஜன்னல் கம்பி வசதியாக இருந்தது.

ஏன் இப்படி மெனக்கெடுகிறாய் என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது கேட்டேன். மீன் முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னாய். சுனாமியின்போது நீ இங்கே விடுதியில். வீடு ஹட் பேயில், பாமாயில் தோட்டத்து லைன் வீட்டில். அண்ணன், அண்ணி, இரண்டு பிள்ளைகள், அம்மா. ஐந்து பேர். முகாமிலிருந்து வந்த பட்டியலை இங்கே சுவரில் ஒட்டினார்கள். அதில் ஒரு வரி: முருகேசன் + 3.

அண்ணனோடு சேர்த்து நான்கு பேர்தான்.

"சின்னவனா, பெரியவளா, அண்ணியா, அம்மாவா... ஒம்போது நாளு. யாருக்கு அழறதுன்னு தெரியாமலே இருந்தேன்டி."

பத்தாம் நாள் அண்ணன் கப்பலில் வந்து இறங்கிய பிறகுதான் அது அம்மா என்று தெரிந்தது. சின்னவன் இல்லை என்று ஒரு கணம் நிம்மதியாக இருந்ததாம். அதை உன்னால் மன்னிக்க முடியவில்லை என்றாய். பிறகு டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாய்.

அன்று மாலையிலிருந்து நானும் பெயர் கேட்டேன்.

சென்னை ஆஸ்பத்திரிக்கு நீ போன கப்பலுக்குச் சீட்டு எழுதியதும் நான்தான். முதல் முறையாக நீ கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றாய். கண்களுக்குக் கீழே வீக்கம். "பேரு?" என்றேன், விளையாட்டாக. இனிஷியலை விரித்து, அப்பா பெயரோடு முழுதாகச் சொன்னாய்.

"கூட யாரு?"

"பிளஸ் ஒண்ணும் இல்லடி. சிங்கிள் பெர்சன்."

சிரித்தாய். அண்ணன் அடுத்த கப்பலில் வருவதாக இருந்தது. நான் வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். விடுப்புப் போட்டால் நிரந்தரமாவது தள்ளிப்போகும். உனக்கும் அது தெரியும். அதனால் நீயும் கேட்கவில்லை. உன் பெயரை அழகாக எழுதினேன். அவ்வளவுதான் செய்தேன்.

அண்ணன் கப்பல் ஏறுவதற்குள் அங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மெயின்லேண்டிலிருந்து திரும்பி வந்த கப்பலின் பட்டியலை வரி வரியாகப் படித்தேன். நீ இருக்கமாட்டாய் என்று தெரிந்தே படித்தேன்.

இப்போது ஒரு ஜன்னல்தான் திறந்திருக்கிறது. கூப்பிடுகிறவர்களுக்கு நான் மேடம், தீதி, இல்லையென்றால் கவுண்டர். மாலையில் அறைக்குப் போகிறேன். காலையில் வருகிறேன். இடையில் என் பெயரை யாரும் சொல்வதில்லை. நீ போன பிறகு அதை நானே ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். யாரையோ கூப்பிடுவது போல இருந்தது.

இன்று காலை ஹட் பே கப்பல். அதிகாரி என் முதுகுக்குப் பின்னால் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். ஜன்னலில் ஓர் ஆள். "தாமோதரன். மூணு பேரு மேடம்."

"ம், அடுத்தது" என்றார் அதிகாரி.

கை தானாக எழுதிவிட்டது.

கடைசிச் சீட்டும் கொடுத்து, கப்பலுக்கான பிரதியை அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். மூன்றாம் பிரதியில் எழுத்து எப்போதும் மங்கும். தாமோதரன் மங்கலாக இருந்தார். கூட்டல் குறி மட்டும் அழுத்தமாகப் பதிந்திருந்தது.

வெளியே அடுத்த படகுக்கான வரிசை சேர ஆரம்பித்திருந்தது. கப்பல் முதல் முறை ஊதியது. கவுண்டர் கதவை இழுத்துச் சாத்தினேன்.

"எங்கம்மா போறீங்க? லைன் நிக்குது!"

"பேர் கேக்கப் போறேன் சார்."

அவர் மேலும் என்னவோ சொன்னார். கப்பல்துறை மேடையில் ஓடினேன். தாமோதரன் மேல்தளத்தில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். மனைவியும் பிள்ளையும் என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். கூட இருந்தது அவருடைய அத்தை, ராக்கம்மாள். இன்னொருத்தி பக்கத்து வீட்டுச் சிறுமி, அனிதா. விடுமுறைக்கு அவர்களோடு போகிறாள்.

கப்பலிலிருந்த பிரதியில் எழுதினேன். பிறகு இறங்கி வந்து, அதிகாரி கைகட்டி நின்று பார்க்க, அலுவலகப் பிரதிகளிலும் எழுதிவிட்டுக் கவுண்டரைத் திறந்தேன்.