ஏலக்காரரின் தாடை

மாரண்டஹள்ளி
10.6.2024

அன்பு மாமாவுக்கு,

மைத்துனன் திருமால் வணக்கத்தோடு எழுதுவது. நீங்களும் அக்காவும் கடத்தூர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. போனில் பேசினால் தாடை வலிக்கிறது, மெசேஜ் தட்டவும் வராது, காகிதத்தில் எழுதச் சொல் என்றீர்களாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். கோழிக் கிறுக்கலைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

கடைவாய்ப் பல் இரண்டையும் பிடுங்கியாகிவிட்டது, இனி வலி தானாக இறங்கும். மண்டியை நினைத்துக் கவலைப்படாதீர்கள். தக்காளி ஏலத்துக்கு உங்கள் இடத்தில் நான் நிற்கிறேன். முதலாளி சவுரியப்பனும் நீங்கள் குணமாகி வரட்டும் என்றுதான் சொல்கிறார். அக்காவைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு
திருமால்


கடத்தூர்
27.6.2024

மாப்பிள்ளை திருமாலுக்கு,

மாமன் மாரப்பன் எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், என் வாயைத் தவிர. பல் போயும் வலி போகவில்லை. ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறக்கிறது. உன் அக்கா கூழாகவே கரைத்து ஊற்றுகிறாள்.

பொறுக்க முடியாமல் தருமபுரிக்குப் போய்ப் பல் டாக்டரம்மாவிடம் காட்டினேன். காதுக்கு முன்னால் விரலை வைத்து, மெல்லத் திறந்து மூடச் சொன்னார்கள். உள்ளே சொடக்குப் போட்டதுபோல் சத்தம். தாடையும் மண்டையும் சேரும் மூட்டில்தான் கோளாறாம். வலி பல்லில் இருப்பதுபோலத் தோன்றுமாம், அதனால் பலரும் ஏமாந்துபோவார்களாம். பிடுங்கிய இரண்டும் நல்ல பல், திருமால். நினைத்தால் வயிறு எரிகிறது.

இத்தனை வருடம் தொண்டை கிழியக் கத்தியது, வெற்றிலையை ஒரே பக்கம் அடக்கி மென்றது, தூக்கத்தில் பல்லைக் கடிப்பது எல்லாம் சேர்ந்து வந்த வினை. வெந்நீர் ஒத்தடம், மெதுவான சாப்பாடு, சின்னச் சின்ன வாய்ப் பயிற்சி, கொஞ்ச நாள் கத்தாமல் இருப்பது, இவ்வளவுதான் வைத்தியம். ஆடி முடிந்ததும் வேலைக்குப் போகலாமாம். முதலாளியிடம் சொல்லிவை.

மாமன்
மாரப்பன்


மாரண்டஹள்ளி
20.8.2024

அன்பு மாமாவுக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்குக் கோபிக்க வேண்டாம். இங்கே வரத்து அதிகம், மூச்சுவிட நேரமில்லை.

எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. முதலாளி இனி என்னையே நிரந்தரமாக நிற்கச் சொல்லிவிட்டார். பல் போன வாயில் காற்றுப் போகும், ஏலம் கூறுவது தெளிவாகக் காதில் விழாது என்கிறார். நான் எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். வெளியாள் யாருக்கோ போவதைவிட இடம் குடும்பத்துக்குள்ளேயே இருப்பது நல்லதுதானே. நீங்கள் நிம்மதியாக ஓய்வெடுங்கள்.

திருமால்


கடத்தூர்
2.9.2024

திருமால்,

போன வாரம் மாரண்டஹள்ளி வந்திருந்தேன். உன்னைப் பார்க்க வரவில்லை. நீ கூட்டிக்கொண்டு போனாயே, பல் பிடுங்குகிறவர், அவரைத்தான் பார்த்தேன். நல்ல பல்லை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பல்லுல ஒண்ணுமில்லைங்கன்னு நான் சொன்னேங்க. உங்க மச்சான்தான் தனியா கூப்புட்டு, எடுத்துவுட்ருங்க, வாய் வீங்கிக்கிட்டு மாமா வூட்லயே கெடக்கட்டும்னாரு."

தக்காளிக் கிரேட் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த உன்னைப் பக்கத்தில் நிறுத்தி ஏலம் கூறப் பழக்கியவன் நான். உன் அக்கா இரண்டு நாளாக அழுகிறாள். எனக்கு அழுவதற்குக்கூட வாய் திறக்கவில்லை. என் தொழிலைப் பிடுங்கிக்கொண்டாய். இதை நான் மறக்கமாட்டேன், மன்னிக்கவும்மாட்டேன். உனக்கு ஒரு நாள் வரும், அன்றைக்கு நான் உயிரோடிருக்க வேண்டும் என்பதுதான் இப்போது என் ஒரே வேண்டுதல்.

மாரப்பன்


மாரண்டஹள்ளி
3.3.2025

அன்பும் மரியாதையும் நிறைந்த மாமாவுக்கு,

உங்கள் காலில் விழுந்து எழுதுகிறேன். போனை எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். அக்காவும், எதுவானாலும் மாமாவையே கேள் என்று வைத்துவிட்டாள்.

பத்து நாளாக வலது காதுக்குப் பக்கத்தில் குத்துகிறது. நேற்று ஏலத்தின் நடுவில் வாய் அப்படியே பூட்டிக்கொண்டது. ஓசூர் வியாபாரிகள் எல்லோரும் பார்த்துச் சிரித்தார்கள். நானும் முதலில் பல் என்றுதான் நினைத்தேன், பிறகு உங்கள் பழைய கடிதத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். அந்த டாக்டரம்மா எங்கே இருக்கிறார்கள்? கத்திக்கொண்டே குணமாக்க ஏதாவது வழி உண்டா? ஏலம்தான் எனக்குச் சோறு, மாமா. நான் செய்ததை மனதில் வைக்காமல் பதில் போடுங்கள்.

திருமால்


கடத்தூர்
8.3.2025

திருமாலுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன், ஒவ்வொரு தடவையும் இனித்தது.

முதலில், அந்தப் பல் பிடுங்குகிறவரிடமே போ என்று எழுதினேன். உன் அக்கா படித்துவிட்டு, "எந்தம்பிங்க. பொய்யா ஒண்ணும் எழுதிராதீங்க" என்றாள். கிழித்துப் போட்டேன். இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

டாக்டரம்மா விலாசம் பின்பக்கம் இருக்கிறது. நாளைக்கே போ. பல்லில் யாரையும் கைவைக்க விடாதே. கத்திக்கொண்டே குணமாக்க வழி கிடையாது. அவர்களும் அதைத்தான் சொல்வார்கள். குணமாகும்வரை ஏலம் கூறக் கூடாது.

முதலாளிக்கு இதையெல்லாம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். என் வாய் இப்போது நன்றாகத் திறக்கிறது. பல் இல்லாத வாயாலேயே அவர் முன்னால் நின்று கூறிக் காட்டினேன். திங்கட்கிழமை முதல் அங்கே நான் நிற்கிறேன். நீ குணமானதும் இடத்தைத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று உன் அக்கா கேட்டாள். மாட்டேன் என்றேன்.

தூக்கத்தில் பல்லைக் கடிக்காமலிருக்க, ராத்திரியில் பல்லுக்குப் போட்டுக்கொள்ள டாக்டரம்மா எனக்கு ஒரு பிளேட் கொடுத்திருக்கிறார்கள். போகும்போதெல்லாம் அதிலிருக்கும் கடித் தழும்பைப் பார்த்துவிட்டு, "யார் மேலங்க இவ்ளோ கோவம்? அதை வுடுங்க, பாதி வலி போயிரும்" என்பார்கள். நான் விடவில்லை. விடாமலே வலி போய்விட்டது. உன் கடிதம் வந்த நாளிலிருந்து அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன், பிளேட்டில் புதுத் தழும்பு ஒன்றுமில்லை. இதைச் சொன்னதும் உன் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அவளுக்கு வெட்கமாக இருக்கிறது. எனக்கு இல்லை.

மாரப்பன்