வெள்ளகவிச் சரிவில் நீ அளக்கவில்லை

என் காதர் மாமாவுக்கு,

மஞ்சள் காமாலையில் நீ போய் ஒரு மழைக்காலமும் முடிந்துவிட்டது. சாமி வேறாக இருந்தாலும் பள்ளிக்கூட நாளிலிருந்து மாமா, மாப்ளே என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அந்த உரிமையில் உன்னைத் திட்டத்தான் எழுதுகிறேன். இப்போது போய்ச் சாக உனக்கு என்ன அவசரம்?

நீ விமானத்தில் உட்கார்ந்து எடுத்த அளவுகளை நான் வரைபடமாக்கி முடித்துவிட்டேன். விமானத்தின் பின்னால் கேபிளில் தொங்கிய உன் கருவி மண்ணுக்குள் மின்காந்த அலையை அனுப்பும். அடியில் ஈரமிருந்தால் பதில் வரும். பதில் வந்த இடமெல்லாம் நீலம், வராத இடம் வெள்ளை. வெள்ளை என்றால் தண்ணீர் இல்லை என்று கிணறு தோண்டுகிற இலாகா முடிவு கட்டிவிடுகிறது.

வெள்ளகவி மலைக்கிராமம் முழுக்க வெள்ளையாகக் கிடக்கிறது, மாமா.

பெருமாள்மலை டீக்கடையில் நீ சொன்னது எனக்கு மறக்கவில்லை. "அந்தச் சரிவுல ஒரே மூடுபனி மாப்ளே. பைலட்டு பயந்துக்கிட்டு மேலயே பறந்துட்டாரு. அம்புட்டு உசரத்துல கருவிக்கு ஒண்ணும் எட்டாது. இன்னொரு வாட்டி பறக்கணும்." இன்னொரு வாட்டி யாரும் பறக்கவில்லை.

அதிகாரியிடம் சொன்னேன். "சொன்ன ஆளே இல்லையேப்பா" என்றார். கைக்கருவியோடு நடந்துபோய்ப் பார்க்கலாம் என்று கெஞ்சிப் புறப்பட வைத்தேன். ஊர் முழுக்கக் கோயில் மாதிரி, எல்லையிலேயே பூட்ஸைக் கழற்ற வேண்டும் என்றதும், "அட்டை கடிக்கிற காட்டுல வெறுங்காலோடவா?" என்று பாதி வழியில் திரும்பிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொட்ட?

நேற்று நாயுடுபுரத்தில் செல்லம்மாளைப் பார்த்தேன். வெள்ளகவியிலிருந்து ஆரஞ்சு சுமந்து வருகிறவள். கோடையில் ஊற்று வற்றினால் அந்த ஊர் பள்ளத்து ஓடைக்கு இறங்க வேண்டும். போன கோடையில் குடத்தோடு வழுக்கி விழுந்த அவள் மருமகள் இன்னும் எழுந்து நடக்கவில்லை.

"கெணறு எப்பங்க வரும்?" என்றாள்.

படத்தில் தண்ணீர் இல்லை என்று இருப்பதைச் சொன்னேன். பனியைப் பற்றியும் சொன்னேன்.

"பாக்காமயே இல்லேன்னு எழுதிட்டாகளா?"

அவளுக்கு நீயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

நாளை படம் சென்னைக்குப் போகிறது. "வெரசா முடிப்பா, வேற சோலி கெடக்கு" என்று தலைமை எழுத்தர் விரட்டுகிறார். வெள்ளகவியின் மேல் கறுப்பு மையில் 'இங்கே அளக்கவில்லை' என்று எழுதியிருக்கிறேன். சுரண்டி எடுக்கச் சொன்னார்கள். எடுக்கவில்லை. மாற்றல் வருமோ, வேலையே போகுமோ, பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். அந்த இரண்டு வார்த்தையைச் சுரண்டுகிற கை என்னுடையதாக இருக்காது. வேறு யாராவது சுரண்டினால், அந்தப் படத்தில் என் கையெழுத்தும் இருக்காது.

பெண் கொடுக்காமல் எடுக்காமல் உனக்கு வாய்த்த மாப்ளை,
சுப்பையா