ஜாடிக்குள் போன நடுத்தாள்

விருத்தாசலம்,
18-11-1976

அன்பு மகன் சலீமுக்கு அத்தா முகம்மது கனி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், உன் அம்மா, தங்கை சுல்தானா மூவரும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீ நலமா என்று வழக்கமாகக் கேட்டு வைப்பேன், இந்தத் தடவை கேட்கக் கூச்சமாக இருக்கிறது, நலமில்லை என்று நீ எழுதிய பிறகும் அப்படிக் கேட்டவன் நான். நாலு நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். கடையில் உட்கார்ந்தால் நிலைகொள்ளவில்லை, எழுந்து ஜங்ஷன் வரை நடக்கிறேன், அங்கே போனதும் திரும்பிவிடத் தோன்றுகிறது. மழை வேறு விடாமல் பெய்கிறது.

நம் எழுத்தாளர் வட்டம் உனக்குத் தெரியும். நீ குவைத்துக்குப் போகும்போது ஏழு பேர், கடைக்குப் பின்னால் குடோனில் பீங்கான் சாமான் வந்த மரப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்காருவோம். இப்போது இருபத்துமூன்று பேர், பெட்டி பற்றவில்லை. கம்மாபுரத்திலிருந்து விருத்தகிரி என்ற விவசாயி சைக்கிளில் வருகிறார், நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் போய்விடுமோ என்ற பயத்தைத்தான் மாதாமாதம் எழுதுகிறார், நாங்களும் சலிக்காமல் கேட்கிறோம். முன்னெல்லாம் ஒருவரை ஒருவர் புகழ்ந்து, டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவோம். வாசுகி டீச்சர் வந்து சேர்ந்த பிறகு ஒரு புது வழக்கத்தைக் கொண்டுவந்தார். எழுதியதைப் பெயர் போடாமல் நாலாக மடித்து, மூடி உடைந்து விற்காமல் கிடந்த நம் பெரிய ஊறுகாய் ஜாடியில் போட வேண்டும். பீங்கான் சூளையில் வேலை பார்க்கும் பாலகிருஷ்ணன் ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பார். குறை நிறை எல்லாம் பேசி முடித்த பிறகுதான் எழுதியவர் எழுந்து நிற்க வேண்டும். அதனால் யாரும் முகத்துக்கு அஞ்சுவதில்லை, எழுத்தும் தேறியிருக்கிறது, கேட்கிற காதும் தேறியிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு நானும் ஒரு கதை எழுதி ஓர் அட்டைக்குள் வைத்திருந்தேன். உன் கடைசிக் கடிதத்தின் மூன்று தாளையும் அதே அட்டைக்குள்தான் வைத்திருந்தேன், அம்மா கண்ணில் படக்கூடாதென்று. கண்ணாடியை வீட்டில் மறந்து வந்தவன், கதை என்று நினைத்து உன் கடிதத்தின் நடுத்தாளை மடித்து ஜாடியில் போட்டுவிட்டேன். பாலகிருஷ்ணன் பிரித்து, ஆபீஸ் வேலை என்று கூட்டிவந்து வெயிலில் கல் சுமக்க விட்டிருக்கிறார்கள் என்று படித்ததும்தான் ஜாடிக்குள் எது போயிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. நிறுத்தச் சொன்னால் யார் கடிதம் என்று தெரிந்துவிடுமே என்று உட்கார்ந்திருந்தேன். பெயர் விவரமெல்லாம் மற்ற இரண்டு தாளில் இருந்ததால் எல்லோரும் கதை என்றே நினைத்தார்கள். நான் திரும்பி வந்துவிடட்டுமா, மகன் பாதியில் வந்துவிட்டான் என்று நாலு பேர் சொன்னால் உங்களுக்குத் தலைகுனிவாக இருக்குமா என்று அந்தத் தாள் முடிந்தது. விருத்தகிரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசுகி டீச்சர்தான், "நல்லாத்தான் இருக்குது, ஆனா கதை முடியலைங்க. புள்ள கேட்டுட்டான், பெத்தவரு இன்னா பதில் போட்டாரு? அத எழுதாம வுட்டா எப்படிங்க?" என்றார்.

நான் போட்ட பதில் உனக்குத் தெரியும். சுல்தானா கல்யாணம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இரு, ஊரில் மானம் போய்விடும் என்று ஒரு பக்கம் எழுதினேன், நன்றாக எழுதிவிட்டதாக எனக்குத் திருப்தி வேறு. உன் கடிதத்தை நாலு தடவை படித்தவன்தான் சலீம், நாலு தடவையும் ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தோடு படித்தேன். வேறொருவர் வாயால் கேட்டபோதுதான் நீ என்ன கேட்டாய் என்பது புரிந்தது. எழுதியவர் எழுந்து நிற்கும் நேரம் வந்தது, நான் எழுந்தேன். இது கதையில்லை, என் மகன் கடிதம், அவனுக்கு நான் போட்ட பதில் இன்னது என்று அதையும் சொன்னேன். குவைத்தில் கிளார்க் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்ததும் நான்தான் என்றேன். யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. பாலகிருஷ்ணன் தாளை மடித்துக் கொடுத்து, "இது இந்தக் குடோன வுட்டு வெளிய போவாதுங்க பாய்" என்றார். இத்தனை பேர் இருந்தும் இந்த நிமிஷம்வரை போகவில்லை.

அம்மாவிடம் அன்றைக்கே நானே சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சோறு போட்டாளே தவிர பேசவில்லை. மூன்றாம் நாள், "அவன வூட்டுக்கு வரச்சொல்லி எழுதுங்க. இல்லன்னா உங்க எழுத்துக்காரங்க யாரையாச்சும் வெச்சு நானே எழுதிக்கிறேன்" என்றாள். சுல்தானாவைப் பெண் கேட்டவர்களிடமும் கிளார்க் என்றுதான் சொல்லியிருக்கிறேன், நாளைக்கு அவர்கள் ஊரான கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய் உள்ளதைச் சொல்லப்போகிறேன். என்ன சொல்வார்களோ என்று பயமாகத்தான் இருக்கிறது, அதற்காகச் சொல்லாமல் இருக்க முடியாது. சுல்தானா என்னைவிடத் தைரியமாக இருக்கிறாள்.

என் பழைய கடிதத்தைக் கிழித்துப் போடு. டீச்சர் கேட்ட பதில் இதுதான், எனக்கு ஒரு தலைகுனிவும் இல்லை, வந்துவிடு. கம்பெனியில் வாங்கி வைத்த பாஸ்போர்ட்டைக் கோபப்படாமல் கேட்டு வாங்கு, அதுவரை தலையில் ஈரத்துணி கட்டாமல் வெயிலில் இறங்காதே. எங்களுக்கென்று சென்ட்டு, துணி எதுவும் வாங்காதே, கையை வீசிக்கொண்டு வா. அல்லாஹ் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்ப்பானாக. பம்பாயில் இறங்கியதும் மறக்காமல் தந்தி கொடு, மழையானாலும் ஜங்ஷனில் நிற்பேன்.

இப்படிக்கு,
கேட்டதற்குத் தாமதமாகப் பதில் எழுதும் உன் அத்தா,
முகம்மது கனி