பதினேழாம் எண் டோக்கன்

டாக்டர்,

நேற்று நம் க்ளினிக்கில் பழைய டோக்கன் டப்பாவைத் தூக்கிப்போட எடுத்தார்கள். இனிமேல் எல்லாம் செல்போன் பதிவாம். மஞ்சள் வில்லைகளை வரிசையாக அடுக்கிய நர்ஸ், "பதினேழை மட்டும் காணோம் மேடம்" என்றாள். எங்கே போகும்? இருபது வருடத்துக்கு மேலாக என் கைப்பையில்தான் கிடக்கிறது.

பட்டுக்கோட்டையில் வீட்டுக்கொருவர் துபாய்க்கோ சவுதிக்கோ விமானம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. போனவர்களின் மனைவிமார் தீராத தலைவலியோடு நம்மிடம் வந்தார்கள். திரும்பி வந்த ஆண்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மருந்து எழுத நீங்கள், பேசவைத்துக் கேட்க அடுத்த அறையில் நான். சீட்டு எழுதிக் கொடுத்த பிறகும் நீங்கள் அவர்களை அனுப்ப மாட்டீர்கள், அரைமணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். "தூக்கம்தான் முதல் மருந்து, மத்ததெல்லாம் அப்புறம்" என்பீர்கள். நீங்கள் ஒழுங்காகத் தூங்கி எத்தனை மாதமாயிற்று என்று ஒருநாள் கேட்டேன். "ஊருக்குத்தான் உபதேசம் மேடம்" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துவைத்தேன். மனசைப் படிக்கச் சம்பளம் வாங்குகிறவள் நான்.

அந்தப் புதன்கிழமை நல்ல மழை. உங்கள் சாப்பாட்டுக் கேரியர் திறக்காமலே இருந்தது. நர்ஸிடம் என் அறைக்கான டோக்கனை வாங்கிக்கொண்டு, ஒரத்தநாட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் போய் பெஞ்சில் உட்கார்ந்தீர்கள்.

"என்ன டாக்டர், டோக்கன் போட்டு உக்காந்துட்டீங்க? உங்களுக்கு நான் வைத்தியம் பாக்கணுமா?" என்று என் அறை வாசலில் நின்று கேட்டேன்.

பெஞ்சே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள், கொஞ்சம் தாமதமாக. "என் நம்பர் வந்தா கூப்பிடுங்க" என்றீர்கள். பதினாறு முடிந்ததும் நான் பதினெட்டைக் கூப்பிட்டேன். நீங்கள் எழுந்து உங்கள் அறைக்குப் போய் அடுத்த நோயாளியைப் பார்க்க ஆரம்பித்தீர்கள்.

அதற்கடுத்த வாரம் நன்னிலத்தில் முகாம் முடித்துத் திரும்பும்போது உங்கள் கார் புளியமரத்தில் மோதியது. பட்டப்பகல், வளைவில்லாத சாலை, எதிரே வண்டியும் இல்லை. கண் அசந்துவிட்டார் என்றார்கள். அப்படித்தான் இருக்கும் என்று நானும் நம்புகிறேன். நம்ப முடியாத நாட்களும் இருக்கின்றன.

காரியம் முடிந்த பிறகு உங்கள் மனைவி என்னைத் தனியே அழைத்து, உங்கள் சட்டைப்பையில் இருந்த டோக்கனைக் கையில் வைத்தார். "இதை எதுக்கு வச்சிருந்தாருன்னு தெரியுமாங்க?" என்று கேட்டார். தெரியாது என்றேன். அந்தப் பொய்யைச் சொன்ன வாயோடுதான் இன்றும் மற்றவர்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது பதினைந்து நாளுக்கொருமுறை தஞ்சாவூருக்கு பஸ் ஏறுகிறேன். என் தொழிலையே செய்கிற ஒரு அம்மாவிடம் என் மனபாரத்தை இறக்கிவைக்கிறேன். வரவேற்பில் இருக்கும் பெண் என்னைப் பார்த்ததும் "நீங்க நேரா உள்ள போங்க மேடம்" என்பாள். போவதில்லை. டோக்கன் வாங்கி மற்றவர்களோடு பெஞ்சில் உட்காருகிறேன். நம்மைப் போன்றவர்கள் அங்கே உட்கார எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அங்கே உட்கார்ந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

என் எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்து உள்ளே போகிறேன். மேசைமேல் இரண்டு டோக்கன்களை வைக்கிறேன், டாக்டர். முதலில் உங்களுடையதை.