கழற்சி ஏறிய பின்கதவு

ஜூன் 4
இன்றும் கொல்லைவேலியின் பின்கதவுப் பூட்டை உடைத்துவிட்டார். ஆயுசெல்லாம் அக்கரைக்கு ஆள் ஏற்றி லாஞ்ச் ஓட்டிய மனுஷன். மறதி நோய் வந்து எங்கள் மகள் பெயர்கூட மறந்தது. ஸ்பேனர் பிடிக்க மட்டும் மறக்கவில்லை. கதவைத் தாண்டினால் கடல். பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் இடுப்பளவுத் தண்ணீரிலிருந்து இழுத்து வந்தார். "லாஞ்ச் கெளம்பிடுச்சுன்னு சொல்றாருக்கா."

இன்னொரு நாள் தையல்காரர் பார்க்காமல் போனால்?

ஜூன் 5
வேலியோரம் கழற்சிக்கொடி மண்டிக் கிடக்கிறது. தண்டில் கொக்கி முள், காயிலும் முள். உப்புக்காற்றுக்கெல்லாம் அசராத சாதி. கயிறு கட்டிக் கதவின் மேல் ஏற்றிவிட்டேன். பூட்டை உடைப்பார், முள்ளை என்ன செய்வார்?

ஜூன் 6
கையெல்லாம் எரிகிறது.

ஆகஸ்ட் 19
கதவே தெரியவில்லை. அவர் உள்ளங்கை கிழிந்து ரத்தம். மருந்து போடும்போது கேட்டார்: "எந்த அறிவுகெட்டவன் இங்க முள்ளை விட்டது?"
அதானே, என்றேன்.

செப்டம்பர் 2
மகள் வந்தாள். அப்பாவின் கையைப் பார்த்தாள், பிறகு என்னை. "ஆட்டைக்கூட யாரும் இப்படி அடைக்க மாட்டாங்கம்மா."

நீ ஒரு வாரம் இருந்து பாரேன்டி! குளிக்கப் போனாக்கூட காதை வெளியில வெச்சிட்டுத்தான் போறேன். நான் என்ன கல்லா? — இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்.

அக்டோபர் 27
மஞ்சளாகப் பூத்திருக்கிறது. அழகாகத்தான் இருக்கிறது, பாழாய்ப்போனது.
சாயங்காலமானால் அதன் முன்னால் போய் நின்றுவிடுகிறார். "கதவத் தொறடி, ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க." திட்டினால் தாங்கிக்கொள்வேன். கெஞ்சுகிறார். இத்தனை வருஷத்தில் அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

டிசம்பர் 11
இந்த வாரம் முழுக்கக் கதவுப் பக்கமே போகவில்லை. அப்பாடா.

டிசம்பர் 20
இன்றும் போகவில்லை. லாஞ்ச் என்ற பேச்சே இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். அப்பாடா என்று எழுதினேனே, எந்தக் கையால் எழுதினேன்?

ஜனவரி 8
அரிவாளை எடுத்து நானே வெட்டினேன். தையல்காரர் உதவிக்கு வந்தார், வேண்டாம் என்றுவிட்டேன். மதியத்துக்குள் கதவு திறந்தது. அவரைக் கைபிடித்துக் கூட்டிப்போய் நிறுத்தினேன். எதிரே கடல்.

"பாருங்க, ஆளுங்க காத்திருக்காங்க. போலாமா?" இழுத்துக்கொண்டு ஓடட்டும், நானும் கூடவே தண்ணீரில் இறங்குகிறேன் என்றுதான் நின்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தார். "காத்து அடிக்குது. கதவைச் சாத்துங்கம்மா," என்றார், லாஞ்சில் வரும் யாரோ ஒரு பயணியிடம் சொல்வதுபோல.

சாத்தினேன். இனிப் பூட்டு வேண்டியதில்லை.